பச்சை குத்த, காது மூக்குக் குத்தப் போகிறீர்களா? ஊசி தொடமுதல் பார்க்கவேண்டியவை

யாழ்ப்பாணத்தில் தோலைத் துளைக்கிற வேலை பல இடங்களில் நடக்கிறது. பிள்ளைக்குக் காது குத்த நகை செய்யும் பத்தரிடம் போகிறோம். அழகு நிலையங்களில் காது குத்தும் துப்பாக்கி வைத்து அடிக்கிறார்கள். டாட்டூக் கடைகளில் பச்சையோடு காதுமடல், புருவம், தொப்புள் எல்லாம் குத்துகிறார்கள். திருவிழாக் காலத்தில் கோவில் வீதியில் செடில், அதாவது நேர்த்திக்காக முதுகில் கொளுக்கி ஏற்றுவது. எங்கே போனாலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்களுக்கு முன்னால் அந்தக் கதிரையில் இருந்தவரின் இரத்தம் உங்களிடம் வந்துசேர ஏதாவது வழி இருக்கிறதா?

எல்லாரும் பயப்படுவது எச்.ஐ.வி.க்கு. கணக்கோ வேறு மாதிரி இருக்கிறது. தொற்றுள்ளவருக்குப் போட்ட ஊசி மருத்துவமனை ஊழியர் ஒருவரைத் தற்செயலாகக் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 0.3 வீதம். ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி என்றால் பழைய கணக்கில் 1.8 வீதம், புதிய கணக்கில் 0.2 வீதம் அளவில். தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்படைட்டிஸ் பி 6 முதல் 30 வீதம் வரை. அதோடு ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவில், ஏழு நாளாவது தொற்றும் வலுவோடு கிடக்கும். மேசை விளிம்பு, விளக்கின் கைப்பிடி, மைப்போத்தலின் மூடி எல்லாம் அதற்கு இடம்தான். நியூயோர்க் நகரம் 1961 முதல் 1997 வரை பச்சை குத்துவதையே தடைசெய்து வைத்திருந்ததற்குக் காட்டிய காரணமும் இந்த நோய்தான்.

போவதற்கு முன்

தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள். இலங்கையின் குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெப்படைட்டிஸ் பி 2003இல்தான் சேர்க்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் பிறந்தவர் தானாகப் பணம் கொடுத்தோ வேலைக்காகவோ போட்டிருந்தாலொழிய பாதுகாப்பு இல்லை என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். பெரியவர்களுக்கு மூன்று ஊசி: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். பச்சை குத்த ஆறு மாதம் காத்திருப்பது பலருக்கு அலுப்பாக இருக்கும். ஆயுள் முழுக்க உடம்பில் இருக்கப்போகிற படத்துக்கு ஆறு மாதம் பெரிய காலமில்லை. ஏற்பூசி, அதாவது ஏற்புவலிக்கு (ரெட்டனசுக்கு) எதிரான ஊசி, பாடசாலையில் 12 வயதில் கடைசியாகப் போட்டிருப்பார்கள். பத்து வருடம் தாண்டியிருந்தால் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

சிலர் முதலில் வைத்தியரிடம் கதைத்துவிட்டுத்தான் போகவேண்டும். வாதக்காய்ச்சல் வந்து இருதய வால்வு பழுதானவர்கள், அதற்காகக் கிளினிக்கில் பென்சிலின் ஊசி போடுகிறவர்கள் இதில் முதலாவது. தோலில் நுழையும் கிருமி இரத்தத்தில் ஏறி அந்த வால்வில் போய்க் குடியிருக்கும். சீனி கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து எடுப்பவர்கள், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் குடிப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோரும் அப்படித்தான். பச்சைக்காக இரத்த மருந்தை ஒருநாளும் தானாக நிறுத்தக்கூடாது.

எங்கள் தோல்நிறத்தவர்களுக்குத் தழும்பு தடித்து, காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் கெலாய்டு கூடுதலாக வரும். உங்களுக்கோ உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ தடுப்பூசி போட்ட இடத்திலாவது காதிலாவது அப்படி ஒன்று இருந்தால், நெஞ்சு, தோள், காதுமடல் மூன்றையும் விட்டுவிடுங்கள். மச்சத்தின் மேல் பச்சை குத்தவே கூடாது. பிறகு அது மாறுகிறதா என்று எவராலும் பார்க்கமுடியாது.

அன்றைக்கு வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். முதல்நாள் இரவும் அன்றும் சாராயம், பியர் வேண்டாம்.

சுவரில் தொங்கும் உரிமம்

மாநகர சபையோ பிரதேச சபையோ கொடுக்கும் வியாபார உரிமம் அந்த இடத்தில் அந்தத் தொழில் செய்யலாம் என்று சொல்கிறது. இன்று உங்களுக்கு எடுக்கப்போகும் ஊசி கிருமியற்றதா என்று அது சொல்லாது. சுகாதாரப் பரிசோதகர், நாங்கள் பி.எச்.ஐ. என்று கூப்பிடுகிறவர், உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் வேலை செய்கிறார். அவர் வந்துபோன நாளில் கடை சுத்தமாக இருந்திருக்கலாம். நீங்கள் போகும் நாளில் பரிசோதகர் நீங்கள்தான்.

ஆடி, ஆவணியில் ஊருக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இதைக் கூடுதலாகச் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பச்சை குத்துவது குற்றம். 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ளூர்ச் சபைகள் கடையையும் குத்துபவரையும் பதிவுசெய்கின்றன. ஒன்ராறியோவில் 2018 முதல் தனி ஒழுங்குவிதி இருக்கிறது. அங்கே சுகாதாரப் பகுதியினர் கடைகளைப் பரிசோதிக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் இங்கே வந்து கேள்வி கேட்காமல் கையை நீட்டாதீர்கள். வயது விசாரிக்காமல் பதினாறு வயதுப் பிள்ளைக்குக் குத்த ஒத்துக்கொள்ளும் கடை மற்ற விடயங்களிலும் அப்படித்தான் இருக்கும்.

கருவிகள்

நாள் குறிக்கமுதல் ஒருதடவை சும்மா போய்ப் பாருங்கள். இரண்டு கேள்வி கேட்டால் போதும். ஊசி ஒருவருக்கு ஒன்றா? திரும்பப் பாவிக்கும் சாமான்களை எப்படிக் கிருமி நீக்குகிறீர்கள்?

ஊசி தனித்தனிப் பொதியில் வரவேண்டும். அதை உங்கள் கண்முன் உடைக்கவேண்டும். பொதியில் மூன்று அடையாளத்தைத் தேடுங்கள். வட்டத்துக்குள் 2 என்ற இலக்கத்தைக் கோடு வெட்டியிருந்தால், ஒருதடவைக்கு மேல் பாவிக்கக்கூடாது என்று பொருள். மணல் கடிகாரப் படத்துக்குப் பக்கத்தில் இருப்பது காலாவதித் திகதி. உற்பத்தித் தொகுதி இலக்கமும் இருக்கவேண்டும். பொதி நனைந்திருந்தாலோ, ஓட்டை இருந்தாலோ, ஓரம் ஏற்கெனவே பிரிந்திருந்தாலோ அது கிருமியற்றதில்லை. இப்போது பல கடைகளில் இருப்பது காட்ரிட்ஜ் ஊசி, அதாவது இயந்திரத்தில் செருகிக் கழற்றும் உறைக்குள் வரும் ஊசி. அதற்குள் மெல்லிய ரப்பர்த் தடுப்பு உள்ளதாக வாங்கவேண்டும். அது இல்லாத மலிவு ரகத்தில் மையும் இரத்தமும் பின்வாங்கி இயந்திரத்துக்குள் போகும், அடுத்தவருக்குப் புது ஊசி போட்டாலும் உள்ளே பழைய இரத்தம்.

கவ்வி, பிடி போன்ற உலோகச் சாமான்களுக்கு ஓட்டோகிளேவ் வேண்டும். அழுத்தமான நீராவியில் 121 பாகை செல்சியசில், பொதிக்குள் வைத்த சாமான் என்றால் 30 நிமிடம். வெற்றிடம் இழுக்கும் ரகத்தில் 134 பாகையில் 3, 4 நிமிடம் போதும். ஊதா விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி "ஸ்டெரிலைசர்" என்பார்கள். அது வெளிச்சம் படுகிற பக்கத்தை மட்டும் ஓரளவு பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். கொதிநீரில் போடுவது ஏற்புவலிக் கிருமியின் வித்துகளைக் கொல்லாது. ஸ்பிரிட்டில் ஊறப்போடுவதும் கொல்லாது. பொதியில் ஒட்டும் நிறம் மாறும் பட்டி சூடு பட்டது என்பதை மட்டும் காட்டும். உண்மையில் கிருமி செத்ததா என்று அறிய வித்துச் சோதனை, அதாவது கிருமி வித்துகளை உள்ளே வைத்து ஓட்டி அவை செத்தனவா என்று பார்ப்பது, செய்யவேண்டும். அதைச் செய்து குறிப்புப் புத்தகம் வைத்திருக்கும் கடைக்காரர் உங்கள் கேள்விக்குக் கோபப்படமாட்டார், புத்தகத்தை எடுத்துக் காட்டுவார்.

எங்கள் ஊருக்கென்று ஒரு விடயம்: ஓட்டோகிளேவ் ஓடும்போது நடுவில் கரண்ட் போனால் அந்தச் சுற்று செல்லாது. விட்ட இடத்திலிருந்து தொடரமுடியாது, முதலிலிருந்து ஓட்டவேண்டும். வெளியே எடுக்கும்போது பொதி ஈரமாக இருந்தாலும் அதே கதைதான். ஈரக் கடதாசி வழியாகக் கிருமி உள்ளே போகும்.

கையைப் பாருங்கள்

பலர் புது ஊசியைக் கண்டதும் திருப்தியடைந்துவிடுகிறார்கள். தவறு பெரும்பாலும் கையுறையில் நடக்கிறது. குத்துபவர் புதுக் கையுறை போடுகிறார். நல்லது. பிறகு போன் அடிக்கிறது, எடுக்கிறார். விளக்கைத் திருப்புகிறார். இயந்திரத்தின் மின்பெட்டியில் வேகத்தைக் கூட்டுகிறார். மை காணாது என்று போத்தலைத் திறந்து ஊற்றுகிறார். மூக்கைச் சொறிகிறார். இவை ஒவ்வொன்றும் உங்கள் இரத்தத்தை அந்தப் பொருளுக்கும், அந்தப் பொருளில் இருந்ததை உங்களுக்கும் மாற்றும். கையுறை அவருடைய கையைக் காப்பாற்றும். உங்களைக் காப்பாற்றுவது அவர் எதைத் தொடவில்லை என்பது.

சரியான ஒழுங்கு இப்படி இருக்கும். முதலில் கை கழுவி, மேசையைத் துடைத்து, புது விரிப்புப் போடுவார். இயந்திரம், வயர், தெளிப்புப் போத்தல், விளக்கின் கைப்பிடி, அதாவது வேலை நடுவில் தொடவேண்டி வரும் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போடுவார். மையைச் சின்னக் கிண்ணங்களில் வேண்டிய அளவு ஊற்றி, போத்தலை மூடித் தள்ளிவைத்துவிடுவார். வாசலினைப் புதுக் குச்சியால் எடுத்து விரிப்பில் வைப்பார். அதே டப்பாவுக்குள் திரும்ப விரல் போகக்கூடாது. இவ்வளவும் முடிந்த பிறகு மீண்டும் கை கழுவி, புதுக் கையுறை. மயிர் மழிக்க ஒருதடவை ரேசர். தோலைக் கழுவி, 70 வீத ஸ்பிரிட் பூசி, அது தானாகக் காயும்வரை பொறுப்பார். ஊதிக் காயவைத்தால் வாய்க் கிருமி வந்து சேரும். ஓடிக்கொலோன் பூசுவது வாசனைக்கு மட்டும்தான்.

இடையில் கையுறையோடு வேறு ஏதாவது தொட்டால் மாற்றச் சொல்லுங்கள். "அண்ணை, கிளவுசை ஒருக்கா மாத்துறீங்களோ?" என்று கேட்பது மரியாதைக் குறைவில்லை. முகம் சுளித்தால் காசைக் கொடுத்துவிட்டு எழும்பி வாருங்கள். பாதிப் படத்தோடு திரும்பினாலும் பரவாயில்லை, மிச்சத்தை வேறு இடத்தில் முடிக்கலாம்.

ஊசி போய்ச்சேர வேண்டிய ஆழம் 1 முதல் 2 மில்லிமீற்றர். அதற்கு மேலே நின்றால் மை உதிர்ந்துபோகும். கீழே போனால் மை கொழுப்பில் பரவிக் கோடு கலங்கும், இரத்தமும் கூட வரும், தழும்பும் விழும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டுத் தோலைக் கூழாக்குவது பழகாத கையின் அடையாளம்.

முடிந்ததும் ஊசி எங்கே போகிறது என்று பாருங்கள். குத்தினாலும் துளையாத கடினமான மஞ்சள் பெட்டிக்குள் போகவேண்டும். முக்கால்வாசி நிரம்பியதும் அதை மூடிவிடவேண்டும். யோகட் கப்பிலோ குப்பைப் பையிலோ போட்டால், நாளைக் காலை குப்பை அள்ளும் தொழிலாளியின் கையில் அது ஏறும்.

மையும் தண்ணீரும்

சாம்பல் நிழல் வரக் கறுப்பு மையில் தண்ணீர் கலப்பார்கள். 2011 முடிவிலும் 2012 தொடக்கத்திலும் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரில் புதுப் பச்சையில் விடாப்பிடியான சிவப்புக் கொப்புளங்கள் கிளம்பின. காரணம் மைக்கோபக்ரீரியம் செலோனே என்ற, தண்ணீரில் வாழும் கிருமி. குத்தியவரின் பழக்கத்தில் பிழை இருக்கவில்லை, உற்பத்தியிலேயே நீர் கலந்து வந்த மை அழுக்காக இருந்தது. எனவே மைப்போத்தலில் உற்பத்தியாளர் பெயர், தொகுதி இலக்கம், திகதி இருக்கவேண்டும். கடையில் கலப்பதென்றால் மூடி உடைக்காத கிருமியற்ற நீர்தான். கிணற்று நீர் கூடாது, வடிகட்டிய நீரும் கூடாது, போத்தலில் விற்கும் குடிநீரும் கூடாது. குடிக்க நல்ல தண்ணீர் தோலுக்குள் செலுத்த நல்லதென்று ஆகாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து பச்சை மைகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட இரசாயனங்களைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. ஒவ்வாமை கூடுதலாக வருவது சிவப்பில். வருடக்கணக்கு கழித்தும் வரும்.

"குத்தாத பச்சை, கறுப்பு மருதாணி" என்று திருவிழாக் கடைகளில் போடுவதும் ஆபத்தில்லாததில்லை. அரைத்த மருதாணி செம்மஞ்சள், மண்ணிறம் தவிர வேறு நிறம் தராது. அரைமணி நேரத்தில் கருகருவென்று ஏறினால் உள்ளே பிபிடி என்ற தலைச்சாயப் பொருள் கலந்திருக்க வாய்ப்புக் கூட. பிள்ளையின் கையில் படத்தின் வடிவிலேயே கொப்புளம் எழும்பும். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் தலைச்சாயம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

காது, மூக்கு

துப்பாக்கியைப் பற்றி நேரடியாகச் சொல்லிவிடலாம்: வேண்டாம். பெரும்பாலானவை பிளாஸ்டிக், ஓட்டோகிளேவில் வைத்தால் உருகிவிடும். மொட்டைத் தோட்டை விசையால் அடித்து ஏற்றுவதால் சதை நசுங்குகிறது. கீழ்மடலில் அது ஓரளவு தாங்கும். மேல்மடலில் இருப்பது குருத்தெலும்பு. அதற்குள் இரத்தக்குழாய் இல்லை, நசுங்கினால் இலகுவில் ஆறாது, கிருமி புகுந்தால் மருந்தும் இலகுவில் போய்ச்சேராது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஒரே கடையில் மேல்காது குத்தியவர்களுக்குச் சூடோமோனாஸ் தொற்று வந்து காது உருக்குலைந்தது. கிருமி இருந்த இடம் கிருமிநாசினி தெளிக்கும் போத்தல்!

பத்தரின் முறை ஒரு விடயத்தில் துப்பாக்கியை விட நல்லது. கூரான புதுக் கம்பி, ஒரு பிள்ளைக்கு ஒன்று. நெருப்பில் சிவக்கக் காய்ச்சினால் கிருமியும் சாகும். பிறகு அதை எந்தக் கை, எந்தச் சாவணம் (சின்ன இடுக்கி) தொட்டது என்பதில்தான் எல்லாம் கெடுகிறது. பத்தர் சோப்புப் போட்டுக் கழுவி, புதுக் கையுறை போட்டு, காய்ச்சிய சாவணத்தால் பிடிக்க ஒத்துக்கொள்வாரென்றால் கீழ்மடலுக்கு அவரிடம் போகலாம். குழந்தைக்கு 2, 4, 6 மாதத் தடுப்பூசி மூன்றும் முடிந்த பிறகு குத்துங்கள். ஏற்புக்கு எதிரான பாதுகாப்பு அப்போது வந்திருக்கும். பெரியம்மா, மாமி நாள் பார்த்துவிட்டார்கள் என்றால் அடுத்த ஒற்றைப்படை மாதத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

முதல் தோடு எதுவென்பதில் எங்கள் வீடுகளில் ஒரு பிடிவாதம் உண்டு: 22 கரட் சுரைத்தோடு, பின்னால் சுரையைத் திருகி இறுக்குவது. தங்கம் ஒவ்வாமை தருவது அரிது. ஆனால் 22 கரட் மென்மையானது, கீறல் விழும், கீறலுக்குள் புண்ணீர் உறையும். சுரையின் மரை புதுக் காயத்துக்குள்ளால் உரசிக்கொண்டு போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, குத்திய இரண்டு மூன்று நாளில் காது வீங்கும்போது இறுக்கிய சுரை சதைக்குள் புதைந்துவிடும். நகைக்கடைகள் உள்ள கஸ்தூரியார் வீதியில் முதல் தோடு வாங்கும்போது மினுக்கிய, மரையில்லாத தண்டுள்ளதாக, முன்னும் பின்னும் இரண்டு மில்லிமீற்றராவது இடைவெளி விடக்கூடியதாகக் கேளுங்கள். டாட்டூக் கடையில் என்றால் உடலுக்குள் பொருத்தும் தரத்து டைட்டேனியம் சிறந்தது. கவரிங் வேண்டவே வேண்டாம், அதில் நிக்கல் இருக்கும். "சர்ஜிக்கல் ஸ்டீல்" என்று அட்டையில் எழுதியிருப்பதை மட்டும் நம்பவேண்டாம். நிக்கல் ஒவ்வாமை உள்ளவருக்கு அதுவும் கடிக்கலாம்.

ஆறும் காலம் இடத்துக்கு இடம் மாறும். கீழ்மடல் 6 முதல் 8 வாரம், மூக்கு 4 முதல் 6 மாதம், மேல்மடலும் தொப்புளும் 6 மாதம் முதல் ஒரு வருடம். வெளியே ஆறியதுபோல் தெரிந்தாலும் துளை உள்ளே பச்சைப் புண்தான். கலியாண வீட்டுக்குச் சிமிக்கி போடவேண்டும் என்று மூன்றாம் வாரத்தில் கழற்றி மாற்றுவதால் பல காதுகள் சீழ்ப்பிடிக்கின்றன.

செடில்

நேர்த்தி வைத்தவரைத் தடுக்கும் நோக்கம் இங்கே இல்லை. செடில் கொளுக்கி ஒருவர் முதுகிலிருந்து எடுத்துத் துடைத்து இன்னொருவருக்கு ஏற்றினால், அது ஊசியைப் பகிர்வதேதான். கொளுக்கிகளை உங்கள் சொந்தச் செலவில் புதிதாக வாங்கி, ஓட்டோகிளேவ் உள்ள தனியார் மருத்துவமனையிலோ பல் வைத்தியரிடமோ பொதியில் போட்டுக் கிருமி நீக்கித் தரக் கேளுங்கள். குத்துபவருக்குக் கையுறையும் நீங்களே கொடுங்கள். கழற்றிய பிறகு துளைகளில் திருநீறு அப்பும் வழக்கம் உண்டு. நெற்றியில் பூசுங்கள், புண்ணில் வேண்டாம். சாம்பலிலும் புழுதியிலும் ஏற்புக் கிருமியின் வித்துகள் இருக்கலாம். புதுப் பச்சையோ புதுத் துளையோ உள்ளவர் அந்த வருடம் அங்கப்பிரதட்சணம் செய்யாமல் அடியழிப்போடு நிறுத்திக்கொள்ளட்டும்.

ஆறவிடுதல்

பச்சை குத்திய உடனே சுற்றும் பிளாஸ்டிக் தாளைச் சில மணித்தியாலத்தில் கழற்றுங்கள். எங்கள் வெயிலில் நாள் முழுக்க வைத்தால் உள்ளே வியர்வை தேங்கி அவியும். கை கழுவி, வாசனையில்லாத சோப்பால் மெதுவாகக் கழுவி, ரிசுத்தாளால் ஒற்றி எடுங்கள். துவாய் வேண்டாம். முதல் மூன்று நாலு நாள் கொதித்தாறிய நீர் நல்லது. பிறகு களிம்பு, தோல் மினுங்கும் அளவுக்கு மட்டும். தடிப்பாக அப்பினால் புண் ஊறிப் பொருக்கு கழரும். ஒரு நாளைக்கு இரண்டு தரம் போதும். தேங்காயெண்ணெய், மஞ்சள், டெற்றோல் எதுவும் வேண்டாம்.

துளைகளுக்குப் பார்மசியில் விற்கும் 0.9 வீத சேலைன் போதும். வீட்டில் செய்வதென்றால் கொதித்தாறிய ஒரு லீற்றர் நீருக்கு 9 கிராம் உப்பு, அன்றன்றைக்குப் புதிதாக. கூடப் போட்டால் எரியும், தோல் காயும். தோட்டைத் திருப்பவேண்டாம், "ஒட்டிப்போகும், திருப்பு" என்பது பழைய புத்தி, திருப்பும்போது ஆறிவரும் தோல் கிழியும்.

கீரிமலைக் கேணி, கசூரினா கடற்கரை, தொண்டைமானாற்று நீரேரி எல்லாவற்றையும் பச்சை ஆறும்வரை, குறைந்தது மூன்று நாலு வாரம், தள்ளிவையுங்கள். சூடான உவர் நீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கிருமி இருக்கும். ஈரல் பழுதான ஒருவர் பச்சை குத்தி ஐந்தாம் நாள் மெக்சிக்கோ வளைகுடாவில் குளித்து, அந்தத் தொற்றிலேயே இறந்தது 2017இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சாராயத்தால் ஈரல் கெட்டவர்கள் இதைக் கவனமாக எடுக்கவேண்டும்.

பிழைத்துப் போனால்

முதல் இரண்டு நாள் சிவப்பும் சூடும் இயல்பு. மூன்றாம் நாளுக்குப் பிறகும் சிவப்புப் பரவினால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், புண்ணிலிருந்து மேல்நோக்கிச் சிவப்புக் கோடு ஓடினால் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். காய்ச்சலோடு தலைசுற்றல், மயக்கம், தோல் கறுத்தல் என்றால் அம்புலன்சுக்கு 1990ஐ அழையுங்கள். மேல்மடல் வீங்கிக் காதுமடிப்பு மறையத் தொடங்கினால் பார்மசியில் அமொக்சிசிலின் வாங்கிக் குடித்து நாளைக் கடத்தாதீர்கள். சூடோமோனாசுக்கு அது வேலை செய்யாது. பிந்தினால் காதின் வடிவம் திரும்ப வராமல் போகலாம். சீழ் பிடித்த துளையிலிருந்து நீங்களாகத் தோட்டைக் கழற்றவும் வேண்டாம், வாய் மூடிச் சீழ் உள்ளே தங்கும். ஆறிப்போன பச்சையில் இரண்டு மூன்று வாரம் கழித்துப் பருக்கள் எழும்பினால், "மையில் தண்ணீர் கலந்தது" என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். அந்தக் கிருமிக்குத் தனிச் சோதனை செய்யவேண்டும்.

பாவித்த ஊசியால் குத்தினார்கள் என்று தெரியவந்தால் நேரம் முக்கியம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கவேண்டும். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியை முடிந்தால் 24 மணித்தியாலத்துக்குள். யாழ் போதனா வைத்தியசாலைக்கு நேரே போங்கள், வெட்கப்பட்டு வீட்டில் இருக்கவேண்டாம்.

இரத்ததானம் செய்கிறவர்கள் புதுப் பச்சையையோ துளையையோ கேள்வித்தாளில் மறைக்காமல் எழுதவேண்டும். தொற்று இருந்தாலும் சோதனையில் தெரியாத காலம் ஒன்று இருப்பதால், குறிப்பிட்ட காலம் தள்ளிவைப்பார்கள்.

முறைப்பாடு செய்வதென்றால் நல்லூர், கோப்பாய், சாவகச்சேரி, பருத்தித்துறை என்று கடை எந்தப் பகுதியில் இருக்கிறதோ அந்தச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு எழுத்தில் கொடுங்கள். குத்திய நாள், நேரம், ஊசிப் பொதியின் தொகுதி இலக்கம், மைப்போத்தலின் முகப்பு, புண்ணின் படங்கள் நாள்வாரியாக, வைத்தியரின் துண்டு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் பி.எச்.ஐ.க்கு வேலை இலகு. பொதியையும் போத்தலையும் குத்தமுதலே போனில் படம் எடுத்துவையுங்கள். பிறகு போய்க் கேட்டால் குப்பையோடு போய்விட்டது என்பார்கள்.